செல்லைச் சாகச் சொல்லும் கால்சியம்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் உயிர்வேதியியலிலோ உயிரித் தொழில்நுட்பத்திலோ முனைவர் பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளைப் புரட்டினால், செய்முறை அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும்: புற்றுநோய்ச் செல்கள் புணேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து பெறப்பட்டன. ஹீலா, எம்சிஎஃப்-7, ஏ549 என்று செல்லின் பெயர் மட்டும் மாறும், ஊர் மாறாது. சாவித்ரிபாய் புலே புணே பல்கலைக்கழக வளாகத்துக்குள், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் இந்த மையம் நாட்டின் செல் களஞ்சியம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்து கிடக்கும் செல்களை உயிர்ப்பித்து, வளர்த்து, நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு அனுப்புவது அதன் அன்றாட வேலைகளில் ஒன்று.

செல் வந்து சேர்ந்ததும் மாணவர் முதலில் பழகிக்கொள்வது, குடுவையின் அடியில் ஒட்டி வளரும் செல்களைப் பெயர்த்து வேறு குடுவைக்கு மாற்றும் வேலை. இதற்கு டிரிப்சின், இடிடிஏ என்ற இரண்டும் கலந்த கரைசல் ஊற்றுவார்கள். டிரிப்சின் புரதத்தை அறுக்கும். இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு செல்லை அடுத்த செல்லோடு பிணைத்து வைத்திருக்கும் கேடரின் என்ற புரதம் கால்சியம் இல்லாமல் நிமிர்ந்து நிற்காது. ஜப்பானின் மசதோஷி டாகேய்ச்சி இதைக் கண்டறிந்தார். கால்சியத்தை எடுத்துவிட்டால் பிடி விடும், செல்கள் உதிரும். நோயாளியின் உடலில் புற்றுநோய் பரவும்போதும் பல வேளைகளில் இந்தப் பிடிதான் தளர்கிறது. அங்கே செல்லே கேடரின் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஆராய்ச்சிக்கு வந்த முதல் வாரத்திலேயே மாணவர் கால்சியத்தைக் கையாளத் தொடங்கிவிடுகிறார். ஆனால் ஆய்வேடு முடியும்வரை அதைத் திரும்பிப் பார்க்காதவர்களே அதிகம். என் வருத்தம் அதைப் பற்றித்தான்.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மிச்சமுள்ள ஒரு சதவீதம்தான் இதயத்தைத் துடிக்க வைக்கிறது, தசையைச் சுருக்குகிறது, நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி கடத்துகிறது. லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் 1880களில் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கச் செய்தார். காய்ச்சி வடித்த நீரில் கரைசலைத் தயாரித்தபோது அந்த இதயம் நின்றுபோனது. முன்பு அது துடித்ததற்குக் காரணம், கரைசல் குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டிருந்ததுதான். லண்டன் குழாய்த் தண்ணீரில் கால்சியம் இருந்தது.

செல்லுக்கு வெளியே, இரத்தத்திலும் திசுநீரிலும், கால்சியம் மில்லிமோலார் அளவில் இருக்கிறது. செல்லின் உள்நீரிலோ அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 100 நானோமோலார். இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பதற்குச் செல் ஓயாமல் ஆற்றலைச் செலவழித்துக் கால்சியத்தை வெளியே இறைக்கிறது. காரணம் இருக்கிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியில் பாஸ்பேட் இருக்கிறது. கால்சியம் பெருகினால் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்துவிடும். ஆபத்தான பொருள் என்று வெளியே தள்ளி வைத்ததே பிறகு சிறந்த தூதனாக ஆனது. உள்ளே இவ்வளவு குறைவாக இருப்பதால், சிறிதளவு நுழைந்தாலும் செல்லுக்கு உடனே தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் கால்சியம் மாத்திரையை நிறுத்த வேண்டாம். நாம் உண்ணும் கால்சியத்துக்கும் செல்லின் உள்நீரில் ஓடும் சமிக்ஞைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இரத்தத்தில் கால்சியம் ஏறாமல் இறங்காமல் பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டியும் காவல் காக்கின்றன. புற்றுநோய் முற்றிய சிலருக்கு அந்தக் காவல் குலைந்து இரத்தத்தில் கால்சியம் ஏறுவதுண்டு. அடங்காத தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் என்று அது வெளிப்படும். வீட்டில் இப்படிப்பட்ட நோயாளி இருந்து இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை உண்டு.

செல்லுக்குள்ளேயே கால்சியத்துக்கு ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது: எண்டோபிளாச வலை. உள்நீரிலிருந்து கால்சியத்தை இறைத்துத் தேக்கத்தில் சேர்க்கும் பம்புக்கு செர்கா என்று பெயர். தேக்கத்தின் மதகுக்கு ஐபி3 ஏற்பி என்று பெயர். மதகு எதிரே, சில பத்து நானோமீட்டர் இடைவெளியில், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா ஒட்டினாற்போல் நிற்கிறது. மதகு விட்டுவிட்டுத் திறந்து சிறு சிறு துடிப்புகளாகக் கால்சியம் வந்தால் மைட்டோகாண்ட்ரியா உற்சாகமாக ஏடிபி தயாரிக்கும். மதகு மூடாமல் கொட்டிக்கொண்டே இருந்தால் மைட்டோகாண்ட்ரியா வீங்கும், அதன் சவ்வு கிழியும், உள்ளே அடைந்திருந்த சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசியும். கசிந்ததும் கேஸ்பேஸ் என்ற நொதிகள் விழித்துச் செல்லை உள்ளிருந்தே ஒழுங்காகப் பிரித்துப் போடும். செல் வெடித்துச் சிதறாமல், அக்கம்பக்கத்தில் வீக்கம் உண்டாக்காமல், துண்டுகளாகி மறையும் இந்தச் சாவுக்கு 1972ல் கெர், வில்லி, கரி மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

ஆக, வாழச் சொல்வதும் சாகச் சொல்வதும் ஒரே அயனிதான். எவ்வளவு, எங்கே, எத்தனை நேரம் என்பதில்தான் வேறுபாடு.

மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை உறிஞ்சும் என்பது 1960களிலேயே தெரிந்திருந்தது. எந்த வாசல் வழியாக என்பது அரை நூற்றாண்டு புதிராக இருந்தது. 2011ல் அமெரிக்காவில் வம்சி மூத்தாவின் குழுவும், இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் ரொசாரியோ ரிசூட்டோவின் குழுவும் அந்த வாசலைக் கண்டுபிடித்தன. எம்சியு என்ற புரதம் அது. வாசல் என்றால் காவலும் வேண்டுமே? அதற்கு விடை தந்த ஆய்வுகளில் முக்கியமான ஒன்றை 2012ல் செல் இதழில் வெளியிட்டவர், 1990களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் இளம் ஆய்வாளராக இருந்த முனிசாமி மாதேஷ். அப்போது அவர் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இருந்தார். எம்ஐசியு1 என்ற புரதம் வாசலில் நின்று, உள்நீரில் கால்சியம் குறைவாக இருக்கும்போது அதைத் திறக்க விடாமல் தடுக்கிறது என்று அவரது குழு காட்டியது. அந்தக் காவல் இல்லாத செல்லில் மைட்டோகாண்ட்ரியா எப்போதும் கால்சியத்தால் நிரம்பியிருந்தது. சிறு இடர் வந்தாலும் செல் செத்தது.

புற்றுநோய்ச் செல் இதற்கு நேர்மாறு. சாகச் சொல்லும் உத்தரவு தன்னை எட்டாதபடி அது வழியிலேயே தடுத்து வைத்திருக்கிறது. ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயில் அளவுக்கு மீறி உற்பத்தியாகும் பிசிஎல்-2 என்ற புரதம் மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் உட்காருவதில்லை, எண்டோபிளாச வலையிலும் உட்காருகிறது. அங்கே மதகைப் பற்றிப் பெருவெள்ளம் வராமல் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 2016ல் அங்கீகாரம் பெற்ற வெனிடோகிளாக்ஸ் பிசிஎல்-2வைத் தாக்கும் மருந்துதான் என்றாலும், அது பற்றுவது வேறொரு பகுதியை. மதகைப் பிடித்திருக்கும் பகுதியைக் குறிவைக்கும் மருந்து ஆய்வக நிலையில்தான் இருக்கிறது.

இன்னோர் உதாரணம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் நுரையீரல் உறையில் மீசோதிலியோமா என்ற கொடிய புற்றுநோயை உண்டாக்கும் என்பது பழைய செய்தி. சில குடும்பங்களில் பிஏபி1 என்ற மரபணுவில் பழுது இருந்தால் அந்த ஆபத்து பல மடங்காகும் என்று 2011ல் தெரிந்தது. எப்படி என்ற கேள்விக்கு ஹவாய் பல்கலைக்கழகத்தின் மிக்கேலே கார்போனே குழு 2017ல் விடை சொன்னது. பிஏபி1 புரதத்தின் வேலைகளில் ஒன்று, கால்சிய மதகு சிதைந்துவிடாமல் காப்பது. அந்தப் புரதம் பாதியாகக் குறைந்தால் மதகுகளும் குறையும். மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் கால்சியமும் குறையும். ஆஸ்பெஸ்டாஸ் இழை ஒரு செல்லின் டிஎன்ஏவைச் சிதைக்கும்போது அந்தச் செல் செத்திருக்க வேண்டும். இவர்களுக்கு அது சாகவில்லை. பழுதான டிஎன்ஏவோடு பெருகியது. எத்தனையோ நாடுகள் தடை செய்துவிட்ட ஆஸ்பெஸ்டாஸை நாம் இன்றும் இறக்குமதி செய்து கூரை வேய்கிறோம். அந்தக் கூரைக்கடியில் உறங்குபவர்களில் யாருக்கு அந்த மரபணுப் பழுது இருக்கிறதென்று யாரும் பார்த்துச் சொல்லப்போவதில்லை. கூரையை மாற்றுவதுதான் வழி.

புணே களஞ்சியத்தின் ஹீலாவுக்கு வருவோம். 1951ல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவர் சம்மதம் கேட்காமலே எடுக்கப்பட்ட செல்கள் அவை. அந்தப் புற்றை உண்டாக்கியது எச்பிவி 18 என்ற வைரஸ். அந்த வைரஸின் இ6 என்ற புரதம் செல்லின் பெரும் காவலனான பி53ஐ அழித்துவிடும். பி53 செல்லின் உட்கருவில் மரபணுக்களை ஏவும் புரதம் என்றே வெகுகாலம் படித்தோம். அது எண்டோபிளாச வலையிலும் நின்று, செர்கா பம்பைத் தூண்டித் தேக்கத்தை நிரப்பி வைத்து, சாவுக்கான வெள்ளம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது என்று இத்தாலியின் ஃபெராரா ஆய்வாளர்கள் 2015ல் காட்டினார்கள். வைரஸ் பி53ஐ அழிக்கும்போது இந்த வேலையும் சேர்ந்து அழிகிறது. அதே புணேயில்தான் சீரம் இன்ஸ்டிட்யூட் நிறுவனம் அறிமுகப்படுத்திய செர்வாவேக் தடுப்பூசி தயாராகிறது. அது தடுக்கும் நான்கு வைரஸ் வகைகளில் 18ஆம் வகையும் ஒன்று. பெண் குழந்தைகள் உள்ள வீடுகளில் இதைப் பற்றிப் பேச வேண்டும்.

அப்படியானால் புற்றுநோய்ச் செல்லில் கால்சியத்தைக் கொட்டிக் கொன்றுவிடலாமே என்று தோன்றும். கொல்லலாம், மிக எளிது. மத்திய தரைக்கடல் பகுதியில் வளரும் கேரட் குடும்பத்துச் செடி ஒன்றில் தாப்சிகார்ஜின் என்ற நஞ்சு இருக்கிறது. அது செர்கா பம்பை அடைத்துவிடும். தேக்கம் வற்றும், உள்நீரில் கால்சியம் பெருகும், செல் சாகும். அவ்வளவு திறமையான நஞ்சு. ஆனால் அது புற்றுநோய்ச் செல்லையும் நல்ல செல்லையும் பிரித்துப் பார்க்காது. அதனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் சாமுவேல் டென்மீட் குழு அந்த நஞ்சோடு ஒரு சிறு புரதச் சங்கிலியைக் கோத்துச் செயலற்றதாக்கியது. கட்டியின் இரத்தக் குழாய்களில் இருக்கும் ஒரு நொதி அறுத்தால்தான் நஞ்சு விடுபடும். மனிதர்களிடம் சோதனை வரை போனது. மருந்தாக இன்னும் வரவில்லை.

இதற்கு எதிர்த் திசையிலிருந்தும் ஒரு வழி தெரிகிறது. சிலி நாட்டின் செசார் கார்டெனாஸ், அமெரிக்காவின் கெவின் ஃபாஸ்கெட் ஆகியோரின் 2016ஆம் ஆண்டு ஆய்வில் மதகைத் திறப்பதற்குப் பதிலாக முழுதாக அடைத்தார்கள். நல்ல செல்கள் ஆற்றல் குறைந்ததை உணர்ந்து, பிரிவதை நிறுத்தி, அடங்கிக் கிடந்து பிழைத்தன. புற்றுநோய்ச் செல்களுக்கு நிற்கத் தெரியவில்லை. ஆற்றல் இல்லாமலே பிரியப் போய்ச் செத்தன. வெள்ளம் வராமல் தடுத்து வாழும் செல்லுக்கு அந்தச் சிறு துடிப்புகள் இல்லாமலும் வாழ முடியவில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான். இது செல்லைக் கொன்று காட்டியதோடு நிற்கவில்லை, எது பிழைத்தது என்பதையும் காட்டியது.

நம் கல்லூரிகளின் ஆய்வேடுகளில் விடுபடுவது இந்தக் கேள்விதான். ஒரு மூலிகையின் இலையைச் சாறெடுத்து எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்களின் மேல் ஊற்றி, எம்டிடி என்ற மஞ்சள் சாயம் எவ்வளவு ஊதாவாகிறது என்று அளந்து, இத்தனை சதவீதச் செல்கள் செத்தன என்று எழுதுகிறார்கள். மறுவாரம் அது செய்தித்தாளில் புற்றுநோய்க்கு மருந்தாகிவிடுகிறது. அந்தச் சாயம் உண்மையில் அளப்பது செல்லின் வளர்சிதை மாற்ற வேகத்தை. செல் செத்தாலும் ஊதா குறையும், வெறுமனே அடங்கிக் கிடந்தாலும் குறையும். ஒப்பீட்டுக்கு நல்ல செல் என்று பெரும்பாலும் வைப்பது வீரோ என்ற குரங்குச் சிறுநீரகச் செல்லை. மார்பகப் புற்றுக்கு அது எப்படி ஒப்பீடாகும்? மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குறைந்த உதவித்தொகையில், வாங்கிய செல் கிருமி தொற்றிப் போய்விடுமோ என்று ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்துக்கு ஓடுபவர்கள் அவர்கள். அவர்களுக்கு இன்னும் நல்ல கேள்வியைக் கொடுக்க வேண்டியவர்கள் வழிகாட்டிகள்.

அந்தக் கேள்வியைக் கேட்க ஆகும் செலவும் மலைப்பானதல்ல. கால்சியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் பாப்டா என்ற வேதிப்பொருளை ரோஜர் சியென் 1980லேயே உருவாக்கிவிட்டார். கால்சியம் கூடினால் ஒளி மாறும் ஃபியூரா-2 சாயமும் 1985ல் அவர் குழுவிலிருந்து வந்ததுதான். மூலிகைச் சாற்றை ஊற்றுமுன் ஒரு வரிசைச் செல்களுக்குப் பாப்டா கொடுத்துப் பார்க்கலாம். அந்த வரிசை மட்டும் பிழைத்தால் சாவு கால்சியம் வழியாக வந்தது என்பதற்கு அது முதல் சான்று. அதே சாற்றை மனித மார்பகத்தின் நல்ல செல்களுக்கும் கொடுத்து, அவையும் செத்தனவா, அடங்கிக் கிடந்து மீண்டனவா என்று சில நாள் காத்திருந்து எண்ணலாம். மீண்டிருந்தால் அந்த இலையை மேற்கொண்டு ஆராயலாம். செத்திருந்தால் அதையும் மறைக்காமல் அச்சிடலாம்.