உஷார்! சான் ஹோசேயை விட்டு மினியாபொலிஸுக்குக் கிளம்புகிறீர்களா?

சான் ஹோசேயில் ஒரு சின்ன வீட்டுக்குக் கேட்கிற விலையில் மினியாபொலிஸ் புறநகரில் மாடியும் பேஸ்மென்ட்டும் தோட்டமுமாகப் பெரிய வீடே வாங்கிவிடலாம், பணமும் மிஞ்சும். உண்மைதான். ஆனால் ஜூலையில் நான்கு நாள் போய், ஏரிக்கரையில் நடந்து, மேப்பிள் குரோவ் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அந்தச் சூட்டோடு வீட்டுக்கு முன்பணம் கொடுத்து வருகிற நம் குடும்பங்களை நினைத்தால் பதறுகிறது.

முதல் ஆபத்து குளிரே இல்லை, விசா. “வீட்டிலிருந்துதானே வேலை, எந்த ஊரில் உட்கார்ந்தால் என்ன?” என்று எச்-1பி-யில் இருப்பவர்கள் கிளம்பிவிடாதீர்கள். உங்களுக்காக நிறுவனம் போட்ட மனுவில் நீங்கள் வேலை செய்யும் இடமும், அந்த வட்டாரத்துக்கு உரிய சம்பளமும் பதிவாகியிருக்கின்றன. வேறொரு பெருநகர வட்டாரத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடங்குமுன் நிறுவனம் திருத்த மனு தாக்கல் செய்தாக வேண்டும். 2015-இல் சிமியோ சொல்யூஷன்ஸ் வழக்கில் வந்த முடிவு இதில் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. மேலாளர் வாய்வார்த்தையாகச் சரி என்று சொன்னது குடியேற்றத் துறையிடம் செல்லாது. கிரீன் கார்டுக்கான பெர்ம் விண்ணப்பம் பாதியில் நிற்கிறதா? அதுவும் ஊரைப் பொறுத்தது. இடம் மாறினால் முதலிலிருந்து தொடங்க நேரலாம். வக்கீலின் பதில் எழுத்தில் கைக்கு வரும்வரை வாடகை ஒப்பந்தத்தில்கூடக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது கணக்கு. மின்னசோட்டா டெக்ஸாஸ் மாதிரி இல்லை. மாநில வருமான வரி உண்டு, உச்ச விகிதம் 9.85 சதவீதம். ஊர் மாறினால் சம்பளத்தையும் குறைக்கிற நிறுவனங்கள் இருக்கின்றன, அதையும் முன்பே கேளுங்கள். கலிபோர்னியாவில் சொந்த வீடு இருந்தால் விற்குமுன் நிதானியுங்கள். அங்கே சொத்து வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. விற்றுவிட்டு, குளிர் ஒத்துவராமல் திரும்பி வந்து வாங்கினால், அன்றைய விலைக்குத்தான் வரி.

இனி குளிர். 2019 ஜனவரி 30 அன்று மினியாபொலிஸில் பாதரசம் மைனஸ் 28 பாரன்ஹீட்டுக்கு இறங்கியது, அதாவது மைனஸ் 33 செல்சியஸ். எக்ஸெல் எனர்ஜி நிறுவனமே எரிவாயு போதாமல், வீட்டுச் சூட்டைக் குறைத்து வையுங்கள் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

நம்மவர்கள் சிக்குகிற இடம் இன்னொன்று. டிசம்பரில் பிள்ளைகளுக்கு விடுமுறை, பொங்கல்வரை இருந்துவிட்டு வரலாம் என்று சென்னைக்குக் கிளம்புவோம். யாரும் இல்லாத வீட்டுக்கு ஹீட்டர் எதற்கு என்று அணைத்துவிட்டுப் போவது நம் சிக்கனப் புத்தி. சான் ஹோசேயில் அது பிழையில்லை. மினியாபொலிஸில் அது வீட்டையே அழித்துவிடும். வெளிச்சுவரை ஒட்டிச் சமையலறை சிங்க்குக்குப் போகிற குழாயில் தண்ணீர் உறையும், விரியும், குழாய் பிளக்கும். உறைந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இளகும்போதுதான் தண்ணீர் கொட்டத் தொடங்கும். மூட ஆளில்லாமல் நாள்கணக்கில் கொட்டினால் மரத்தரை உப்பிவிடும், பேஸ்மென்ட் கூரை இடிந்து விழும். இழப்பீடு கேட்டுப் போனால் காப்பீட்டு நிறுவனம் கேட்கிற முதல் கேள்வி: வீட்டில் சூடு ஓடிக்கொண்டிருந்ததா, இல்லையென்றால் குழாய்களை வடித்துவிட்டுப் போனீர்களா? இரண்டும் இல்லையென்றால் கையை விரித்துவிடலாம். எனவே ஹீட்டர் ஓடட்டும், தண்ணீர் மெயின் வால்வை மூடுங்கள், தினமும் உள்ளே வந்து பார்க்க ஒருவரிடம் சாவி கொடுங்கள்.

காரைச் சூடாக்குகிறேன் என்று வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் இருக்கிறதா என்று குடிபோகிற அன்றே பாருங்கள். தெருவில் கார் நிறுத்துகிறவர்கள், நகராட்சி பனி அவசரநிலை அறிவித்தால் உடனே இடம் மாற்றுங்கள், இல்லையேல் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போகத்தான் வேண்டுமென்றால், முதல் ஆண்டு வாடகை வீட்டில் இருங்கள். வீடு வாங்குகிற பேச்சை ஏப்ரலுக்கு மேல் எடுங்கள்.