ஒரு பருவத்தின் விலை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்கும் நாம் அறிந்த கால்பந்துக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முரட்டு ஆட்டம் அது. அதன் கடுமையான மோதல்கள் சில அண்மைக்காலமாக நீதிமன்றங்களில் நடக்கின்றன. ஒரு மாணவர் எத்தனை ஆண்டுகள் ஆடலாம் என்பதே வழக்கு.

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ-யின் முதல் பிரிவில் நெடுங்காலமாக உள்ள விதி, உயர்கல்வியில் சேர்ந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பதாகும். எஞ்சும் ஓராண்டில் பயிற்சி மட்டும் பெற்று, ஆடும் உரிமையைச் சேமித்துக்கொள்வதற்கு 'ரெட்ஷர்ட்' என்று பெயர். (செஞ்சட்டை என்றால் தமிழில் அரசியல் வாடை வீசும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.) நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வாரன் ஆல்ஃப்சன் 1937-இல் தாமே விரும்பி, எண் பொறிக்காத சிவப்புச் சட்டையுடன் பயிற்சியில் மட்டும் கலந்துகொண்டதால் இப்பெயர் வந்தது என்பர்.

2018-இல் இவ்விதி தளர்த்தப்பட்டது. நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அப்பருவம் கணக்கில் சேராது. காயம் பட்டவர்களுக்கும் புதியவர்களுக்கும் உதவும் நல்ல சலுகைதான். ஆனால், தம் பெயரையும் புகழையும் கொண்டு வீரர்கள் பணம் ஈட்டலாம் என 2021 ஜூலையில் கதவு திறந்ததும், சலுகை பேரம்பேசும் கருவியானது. 2024-இல் லாஸ் வேகஸின் நெவாடா பல்கலைக்கழக வீரர் மேத்யூ ஸ்லூகா, மூன்று ஆட்டங்களிலும் அணி வென்றிருந்த நிலையில் விலகினார். வாக்களித்த ஒரு லட்சம் டாலர் வரவில்லை என்றது அவர் தரப்பு, பல்கலைக்கழகம் மறுத்தது. ஆடியவை மூன்றே என்பதால் அவருடைய பருவம் பறிபோகவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு பல்கலைக்கழகத்துக்கு ஆடினார்.

டியேகோ பாவியாவின் வழக்கு இன்னும் ஆழமானது. ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் தொடங்கியவர் அவர். அக்கல்லூரிகள் என்சிஏஏ-யில் உறுப்பினர்களே அல்ல. எனினும் அங்கு ஆடிய பருவமும் கணக்கில் வரும். 2024 அக்டோபரில், தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை வாண்டர்பில்ட் வீழ்த்தியது இவருடைய தலைமையில்தான். இன்னொரு பருவம் மறுக்கப்படுவது பெரும் வருமான இழப்பு என்று அவர் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார். டிசம்பரில் நாஷ்வில் கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவிட்டது. அவரைப் போன்ற பிறருக்கும் என்சிஏஏ ஓராண்டு விலக்கு அளிக்க நேர்ந்தது.

விஸ்கான்சின் வீரர் ஒருவருக்கோ நேர்மாறான அனுபவம். இரண்டாம் பிரிவில் ஆடிய பருவத்தைக் கழிக்கக் கோரிய அவர் கீழமை நீதிமன்றத்தில் வென்றார். 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. எந்த மாநிலத்தில் வழக்குத் தொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆட்டத் தகுதி அமைவதை விதி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும், வரம்பே கூடாது என்போருடன் நான் உடன்படவில்லை. இருபத்து நான்கு வயதுக்காரர் மேலும் ஓராண்டு நீடித்தால், பள்ளி முடித்து வரும் மாணவர் ஒருவருக்கு அணியில் இடம் குறைகிறது. ஐந்து ஆண்டுகளில் ஐந்து பருவங்களும் ஆடலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டுள்ளது. அதை ஏற்றால் ரெட்ஷர்ட் பேரம் ஒழியும். ஈராண்டுக் கல்லூரியில் கழித்த காலத்தை எப்படிக் கணக்கிடுவது என்ற பாவியாவின் கேள்வி மட்டும் அப்போதும் மிச்சமிருக்கும். அதற்கான விடையை என்சிஏஏ வழக்குக்கு முன்பே எழுதிவைப்பது நல்லது.