நெருப்புக்கு மின்தடை இல்லை



மின்சாரம் நின்றால் விளக்கு அணைகிறது, விசிறி ஓய்கிறது. ஆனால், விறகிட்டு எரிக்கும் கொதிகலனின் நெருப்பு மட்டும் ஓய்வதில்லை. மின்சாரத்தால் மூட்டப்படாத தீ, மின்சாரம் நின்றதும் எங்ஙனம் அணையும்? இவ்வெளிய உண்மையிலிருந்து எழும் இடரையும், அதனைத் தடுக்கும் வழிகளையும் இன்று காண்போம்.

நான் வாழும் திருநாவலூர் நெல் விளையும் பகுதியில் உள்ளது. அரிசி ஆலைகளில் நெல்லை அவிப்பதற்கு நீராவி வேண்டும். விறகையோ உமியையோ எரித்துக் கொதிகலனில் அதனை உண்டாக்குகின்றனர். கொதிகலனுக்குள் நீரைச் செலுத்துவது பெரும்பாலும் மின்சாரப் பம்பு. மின்சாரம் நின்றால் நீர்வரத்து நின்றுவிடும். அடுப்பிலுள்ள தணலோ தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

அத்தணலின் ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உலர்ந்த விறகு 1 கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி வெப்பம் வெளிப்படும். கொதிநிலையை அடைந்துவிட்ட நீர் 1 கிலோவை ஆவியாக்க 540 கிலோ கலோரி போதும். அடுப்பில் 50 கிலோ விறகு எரியாமல் எஞ்சியிருக்கிறது என்றும், அதன் வெப்பத்தில் பாதியே நீரைச் சேர்கிறது என்றும் வைத்துக்கொண்டாலும், 160 லிட்டர் நீர் ஆவியாகிவிடும் அன்றோ?

நீராவி மிகுந்தால் அழுத்தம் ஏறும். அதற்கெனப் பாதுகாப்பு வால்வு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் டெனி பப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் அமைத்த உத்தி இது. அழுத்தம் அளவு மீறினால் நீராவியே மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். ஆயினும், ஆவி வெளியேற வெளியேற உள்ளே நீர் குறையும் என்பதை மறத்தலாகாது. நெருப்புப் படும் இரும்பு நீரை விட்டு வெளிப்பட்டால், அது பழுக்கக் காய்ந்து வலிமை இழக்கும். வால்வு அழுத்தத்தைத் தடுக்குமேயன்றி வறட்சியைத் தடுக்காது.

எனவே, மின்சாரமின்றியே நீர் சேர வழி வேண்டும். 1858இல் ஆன்றி கிஃபார்டு என்பவர் இன்ஜெக்டர் என்னும் கருவியைக் கண்டார். கொதிகலனின் நீராவியே குறுகிய துளை வழியே பீறிட்டு, குளிர்நீரை ஈர்த்துக் கொதிகலனுக்குள் தள்ளும். புகைவண்டி எஞ்சின்கள் நெடுங்காலம் இதனை நம்பி ஓடின. வெந்நீர் மட்டும் தரும் கொதிகலனாயின், உயரத்தில் தொட்டியும் அகன்ற குழாய்களும் அமைத்தால், சூடான நீர் மேலெழத் தண்ணீர் கீழிறங்கித் தானே சுற்றி வரும்.

டீசல் பம்பு வைத்தால் போதாதா என நீங்கள் வினவலாம். அது நன்றே, ஆனால், அதனையும் இடருக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுக்குஷிமா அணுமின் நிலையத்தில், நிலநடுக்கத்தால் வெளி மின்சாரம் அற்றது. டீசல் எந்திரங்களை ஆழிப்பேரலை மூழ்கடித்தது. உலைகள் நிறுத்தப்பட்ட பின்னும் எஞ்சிய வெப்பம் தணியாமல், மூன்று உலைகளின் எரிபொருள் உருகிற்று. பொருள் வேறாயினும் பாடம் ஒன்றே. அதே ஆண்டு டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் மின்கம்பங்களைச் சாய்த்தது; பல ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. நமக்கும் இது தொலைவான செய்தியன்று.

மின்சாரம் நின்ற அந்நேரத்தில் செய்யத் தக்கவை யாவை? புதிய விறகு இடுதல் கூடாது. அடுப்பிற்குக் காற்று புகும் வாயை அடைக்க வேண்டும். புகைபோக்கியை மட்டும் முற்றும் அடைத்தலாகாது. அடைத்தால் நச்சுப் புகை திரும்பிவிடும். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயிலிருந்து கண்ணை எடுத்தலாகாது. அதில் நீரே தெரியவில்லையெனில், பதறிப்போய்க் குளிர்நீரைச் செலுத்துவது பெருந்தவறு. பழுத்த இரும்பில் நீர் பட்ட கணத்தில் ஆவி பொங்கும். கொதிகலன் வெடிக்கவும் கூடும். ஈரச் சாம்பலால் தணலை மூடிவிட்டு, யாவரும் விலகி நிற்பதே அறிவுடைமை.

கொதிகலன்களைக் கண்காணிக்க 1923இல் இயற்றிய சட்டத்தின் இடத்தில் 2025இல் புதுச் சட்டம் வந்துள்ளது. ஆயினும், ஆய்வாளர் வருவது என்றோ ஒரு நாள். அடுப்பின்முன் நாள்தோறும் நிற்பவர் தொழிலாளி. உங்களுள் பலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். எந்த எந்திரத்தை அமைத்தாலும், "மின்சாரம் நின்றால் இங்கு எது நிற்கும், எது நிற்காது?" என்று முதலில் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே அடுப்பில் தீ மூட்ட இசைவு தாருங்கள்.