உஷார்! ‘பத்தாயிரம் கேம்’ கன்சோலோடு வரும் மெமரி கார்டை நம்பாதீர்கள்

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் துணிக்கடைகள் நிரம்பி வழிகின்றன. பிள்ளைகளுக்கான பரிசோ ஷோப்பி, லஸாடா வழியாக வீட்டு வாசலுக்கே வருகிறது. அப்படி வரும் பொருள்களில் ஒன்று கையடக்க ரெட்ரோ கேம் கன்சோல். ஆர்36எஸ் போன்றவை நூறு, நூற்றைம்பது ரிங்கிட்டுக்கே கிடைக்கின்றன. வாங்குவதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று விஷயங்களில் உஷாராக இருங்கள்.

1. பேர் தெரியாத கார்டு

விலையைக் குறைக்கப் பல விற்பனையாளர்கள் கை வைப்பது மெமரி கார்டில்தான். கன்சோலில் இருந்து அதை உருவிப் பாருங்கள். நம்பகமான நிறுவனத்தின் பெயர் இல்லாமல் வெறும் ‘64ஜிபி’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது எந்த நாளும் செத்துப்போகலாம். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. கன்சோலை இயக்கும் மென்பொருளே அந்தக் கார்டில்தான் இருக்கிறது. அது போனால் திரை கறுத்துவிடும். பிள்ளை மாதக்கணக்கில் விளையாடிச் சேமித்த ‘சேவ்’ கோப்புகளும் கூடவே போய்விடும்.

கணினியில் செருகும்போது இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. கார்டில் லினக்ஸ் பகுதிகள் இருப்பதால் விண்டோஸுக்கு அவை புரியாது. ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கும். தப்பித் தவறியும் சம்மதிக்காதீர்கள். சம்மதித்தால் எல்லாம் அழிந்துவிடும்.

ஆர்36எஸ் பெயரில் போலிகளும் ஏராளம். உள்ளே இருக்கும் திரை ஒன்றுக்கொன்று மாறுபடும். இணையத்தில் இறக்கிய மென்பொருள் உங்கள் திரைக்குப் பொருந்தாவிட்டாலும் கறுப்புத் திரைதான். ஆகவே பழைய கார்டின் முழு நகலே உங்கள் காப்பு.

2. சார்ஜரும் பேட்டரியும்

இந்தக் கன்சோல்களில் பல, இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. கெட்டுவிட்டது என்று நினைத்துக் கைக்குக் கிடைத்த வேகச் சார்ஜர்களை எல்லாம் மாட்டிப் பார்க்காதீர்கள். பழைய யுஎஸ்பி தலை கொண்ட கேபிளும் சாதாரண 5 வோல்ட் சார்ஜரும் போதும். தலையணை அருகே வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடவே கூடாது. பின்மூடி உப்பித் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். 2024 ஜூலையில் இத்தாலியின் டூரின் நகரில் ஏறத்தாழ 12,000 ரெட்ரோ கன்சோல்களைப் போலீசார் பறிமுதல் செய்தார்கள். திருட்டு கேம்கள் மட்டுமல்ல, பேட்டரியும் மின்சுற்றும் பாதுகாப்புத் தரத்தில் இல்லை என்பதும் அப்போது வெளிவந்தது.

3. கார்டில் கேம்களை நிரப்பி விற்கும் தம்பிகளுக்கு

பழைய கேம்களை இயக்கும் எமுலேட்டர் மென்பொருள் சட்டவிரோதமல்ல. ரெட்ரோஆர்ச் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. சிக்கல், அனுமதியில்லாமல் நகலெடுத்த கேம்களில்தான். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி திருட்டு நகல் விற்றால் ஒவ்வொரு நகலுக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பத்தே கேம் என்றாலும் அபராதம் 20,000 ரிங்கிட்டில் தொடங்கும். பகுதிநேர வருமானம் என்று இறங்கி வாழ்க்கையைத் தொலைக்காதீர்கள்.

இன்றே செய்யுங்கள்

• பழைய கார்டு உயிரோடிருக்கும்போதே வின்32 டிஸ்க் இமேஜர் போன்ற மென்பொருளால் முழு நகல் எடுங்கள்.
• நம்பகமான கடையில் பெயருள்ள கார்டு வாங்கி, எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருள் கொண்டு அதன் கொள்ளளவைச் சோதித்தபின் நகலை ஏற்றுங்கள்.
• ‘சேவ்’ கோப்புகளை அவ்வப்போது கணினியில் சேமியுங்கள்.
• பொட்டலம் பிரிப்பதைக் காணொளி எடுங்கள். பொருள் பழுதென்றால் ‘ஆர்டர் ரிசீவ்டு’ பொத்தானைத் தொடாமல் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை கையில் கன்சோலைக் கொடுப்பதற்கு முன்பே கார்டை மாற்றிவிடுங்கள். செத்த கார்டிலிருந்து எதையும் மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.