வாசற்படியைக் காப்போம்

அந்நாளில் தபால்காரர் பகலில் வந்து, கடிதத்தை வாசலில் தந்துவிட்டுப் போய்விடுவார். இன்றோ செய்தி சுமப்பவன் நம் சட்டைப்பையிலேயே குடியிருக்கிறான். புதுவையில் மிஷன் வீதி இல்லமாயினும் முத்தியால்பேட்டை இல்லமாயினும் நிலை ஒன்றே. குடும்பம் உணவுக்கு அமரும் வேளையில் கடன் வேண்டுமா என்றோர் அழைப்பு. பிள்ளை பாடம் ஒப்பிக்கையில் தந்தைக்கு அலுவலக மின்னஞ்சல்.

இத்தொல்லை புதிதன்று. 1978 மே 3 அன்றே அமெரிக்கக் கணிப்பொறி நிறுவன விற்பனையாளர் ஒருவர் சுமார் 400 பேருக்கு விளம்பர மின்னஞ்சல் அனுப்பிக் கண்டனத்துக்கு ஆளானார்.

சட்டம் தரும் துணை

நம் நாட்டில் வணிக அழைப்புகளை விரும்பாதோர்க்கான பதிவேடு 2007-ல் தொடங்கியது. 1909 என்னும் எண் வழியே நம் விருப்பத்தைப் பதிவு செய்யலாம். மீறி வரும் அழைப்பைப் பற்றி முன்பு மூன்று நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும். 2025 பிப்ரவரியில் வந்த திருத்தம் அதனை ஏழு நாட்களாக்கியது. விளம்பரக் குறுஞ்செய்தியை அனுப்புபவரின் பெயர் இறுதியில் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தும், அரசுச் செய்தியில் ‘ஜி’ என்னும் எழுத்தும் இருக்கவேண்டும் என்பதும் அத்திருத்தமே.

தொல்லை வேறு, வஞ்சகம் வேறு. காவல் அதிகாரி போல் காணொளியில் தோன்றி, ‘உம்மைக் கைது செய்துள்ளோம், இணைப்பைத் துண்டிக்காதீர்’ என மிரட்டிப் பணம் பறிப்போர் உளர். அத்தகைய ‘டிஜிட்டல் கைது’ நம் சட்டத்தில் இல்லை. முதியோர் இதில் சிக்குவது பேராசையால் அன்று. பேசுபவரை இடைமறித்தல் மரியாதையன்று எனப் பழகிய பண்பினால்தான். ஆகவே அவர்களுக்கு நாம் சொல்லவேண்டியது ஒன்றுண்டு: அறியாதவரின் பேச்சைத் துண்டிப்பது அவமரியாதை ஆகாது. பணம் பறிபோயின் உடனே 1930 எண்ணை அழைக்கவேண்டும்.

அலுவலகமும் உறவும்

பிரான்சில் 50 பேருக்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பின் ஊழியர் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்து அவர்களோடு பேசவேண்டும் என்ற சட்டம் 2017 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ளது. இங்கே அத்தகைய தனிநபர் மசோதா 2018-ல் மக்களவையில் முன்வைக்கப்பட்டும் சட்டமாகவில்லை. ஆதலின் நம் எல்லையை நாமே வகுக்கவேண்டியுள்ளது. ‘இரவு எட்டு மணிக்குமேல் மறுநாள் காலையில்தான் பதிலளிப்பேன்’ என ஒருமுறை பணிவுடன் கூறிவிட்டால், பத்துமுறை மனம் புழுங்க வேண்டியதில்லை. உறவினர் இடைவிடாது அனுப்பும் செய்திகளுக்கும் இதுவே மருந்து. சண்டையிட்டு விலக வேண்டாம். அக்குழுவின் ஒலியை அடக்கிவைத்து, ஓய்வு வேளையில் பார்க்கலாம்.

ஆயினும் இரவில் கைப்பேசியை அணைத்துவிட நம்மிற் பலருக்கு மனம் வருவதில்லை. பிரான்சிலுள்ள மகன் அழைக்கக்கூடுமே! அங்கே இரவு ஒன்பதென்றால் இங்கே நள்ளிரவு கடந்துவிடும். இதற்கும் வழியுண்டு. கைப்பேசியில் ‘தொந்தரவு வேண்டாம்’ என்னும் அமைப்பை வைத்து, நாம் தேர்ந்த சில எண்களை மட்டும் ஒலிக்கச் செய்யலாம். வீட்டுப் பிள்ளைகள் இன்றே தாத்தா பாட்டியின் கைப்பேசியில் இதனைச் செய்து கொடுக்கலாகாதா?

கதவுக்குத் தாழ்ப்பாள் இடுவது விருந்தினரை வெறுப்பதால் அன்று. வரவேண்டியவர் வரும்போது முகமலர்ந்து திறப்பதற்கே.