கூடை நிறைய பன்னீர் திராட்சையா? வீணாக்க வேண்டாம்!

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுக்க அறுவடை உண்டு. ஆனால், தோல் மெல்லியது. பழம் காம்பிலிருந்து சீக்கிரம் உதிர்ந்துவிடும். விலை சரியும்போது பெட்டியாக வாங்குபவர்கள், இரண்டு மூன்று நாளில் வேலையை முடித்துவிட வேண்டும்.

ரசம்: ஒரு கைப்பிடி பழத்தை வேகவைத்து, மசித்து வடிகட்டுங்கள். பருப்புத் தண்ணீர், மிளகு - சீரகப் பொடியுடன் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கித் தாளியுங்கள். புளி பாதி போதும்.

ஜாம்: 1 கிலோ பழத்தைக் கழுவி, மிதமான தீயில் வேகவிடுங்கள். விதையோடு மிக்ஸியில் அரைத்தால் கசக்கும். மத்தால் மசித்து வடிகட்டுங்கள். 1 கப் விழுதுக்கு முக்கால் கப் சர்க்கரை போட்டு, ஓர் எலுமிச்சையின் சாறும் விட்டுக் கிளறுங்கள். குளிர்ந்த தட்டில் விட்ட சொட்டு ஓடாமல் நின்றால், அதுவே பதம்.

கொதிநீரில் போட்டெடுத்து, நன்கு உலர்த்திய கண்ணாடி பாட்டிலில் சூடாக நிரப்புங்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈர ஸ்பூன் பட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

விதையில்லாத திராட்சை மிஞ்சினால், கழுவித் துடைத்து ஃப்ரீசரில் வைக்கலாம். வெயிலுக்கு ஐஸ் மிட்டாய்போல இருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் முழுப்பழம் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். குளிர் விட்டதும் நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள்.