பள்ளி கசந்தது யாரால்?

சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையிலே, டச்சுக்காரன் கட்டிய கோட்டைக்குப் பக்கத்திலே, கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"படிச்சவனும் கடலுக்குத்தான் வரான், படிக்காதவனும் கடலுக்குத்தான் வரான். அப்புறம் எதுக்குண்ணே பள்ளிக்கூடம்?"

அவருடைய மகன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றவனை, "மீன் பிடிக்கப் போகிறவனுக்கு இதெல்லாம் எப்படி ஏறும்?" என்று வகுப்பு முழுவதும் சிரிக்கும்படி சொன்னாராம் ஆசிரியர். மறுநாள் பையன் புத்தகப் பையைத் தொடவில்லை. தகப்பனாரும் வற்புறுத்தவில்லை.

அந்தக் கேள்விக்கு அங்கேயே, அப்போதே பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. ஏனென்றால், அது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. தமிழிலே மக்கள் விரும்பிப் படித்த கதைகள் பலவற்றிலே நெடுங்காலமாக ஒலித்துவரும் கேள்வி அது.

கதையிலே என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்பார் உண்டு. நம் தோழர்கள் கேட்கமாட்டார்கள். முடிதிருத்தும் நிலையத்திலும், தேநீர்க் கடையிலும், கீற்றுக் கொட்டகைப் படிப்பகத்திலும், எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சூழ்ந்து நின்று கேட்டு வளர்ந்த இயக்கமல்லவா நம்முடையது! மேடையிலே சொல்ல முடியாத மனக்குறையை மனிதன் கதையிலேதான் கொட்டுகிறான். எனவே, கதை என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்பது நம் கடமை.

வண்ணநிலவன் எழுதிய 'கடல்புரத்தில்' என்ற நாவலை எடுத்துக்கொள்வோம். 1977-இல் வெளிவந்தது. தென்கோடிக் கடற்கரை மக்களின் வாழ்வு அது. குரூஸ் மிக்கேல் என்ற முதியவருக்கு வள்ளம்தான் உயிர். ஊருக்குள்ளே லாஞ்சு வந்துவிட்டது. அதை வைத்திருப்பவனுக்கும் வள்ளக்காரனுக்கும் பகை மூண்டுவிட்டது. அவருடைய மகன் செபஸ்தி படித்தவன், வாத்தியார். வீட்டையும் வள்ளத்தையும் விற்றுவிட்டு வா, வியாபாரம் செய்யலாம் என்று அப்பனை அரிக்கிறான். படிப்பு மகனை அப்பனிடமிருந்து பிரிக்கிறது; இயந்திரம் அப்பனைக் கடலிலிருந்து பிரிக்கிறது. இரண்டுக்கும் நடுவிலே நின்று தவிக்கிறார் முதியவர்.

சதுரங்கப்பட்டினத்துத் தோழருக்கு இந்தக் கதையைச் சொன்னால், "எங்க கதைதான்" என்பார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்துப் போன பிறகு, கட்டுமரம் மிதந்த இடமெல்லாம் ஃபைபர் படகு வந்தது. அலையைத் தாண்டுவது எளிதாயிற்று. எண்ணெய்ச் செலவும் இயந்திரக் கடனும் கூடவே ஏறிக்கொண்டன. அண்டையிலே கல்பாக்கத்தில், 1983-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அணுமின் நிலையத்தின் விளக்குகள் இரவெல்லாம் எரிகின்றன. புதுமை வாசல் வரை வந்துவிட்டது. வீட்டுக்குள் வந்ததா என்பதுதான் அவர் கேள்வி.

அடுத்து 'ஆயிஷா'. ஆசிரியரான இரா. நடராசன் 1990-களில் எழுதிய சிறு கதை நூல். மெலிந்த புத்தகமாக ஊர் ஊராகப் பரவியது. ஆசிரியர் கூட்டங்களிலும் மாணவர் நடுவிலும் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. ஆயிஷா கேள்வி கேட்கும் சிறுமி. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காமல் தன் சொல்லிலே விடை எழுதுகிறாள். அதற்காக அடி வாங்குகிறாள். அடியின் வலி தெரியாதிருக்க, உடம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தன் மீதே சோதித்து உயிரை விடுகிறாள். அந்தக் கதையைச் சொல்பவர் யார் தெரியுமா? அவளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியையே! பள்ளியின் குற்றத்தைப் பள்ளியே ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் அது.

இவற்றைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, கதாசிரியர்களே பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிறார்கள்" என்று முடிவு கட்டுவோர் இருக்கிறார்கள். அவர்கள் கதையைப் பாதியிலே மூடியவர்கள். ஆயிஷா பள்ளியை விட்டு ஓடவில்லை. அடி விழும் என்று தெரிந்தும் கேள்வியோடு வகுப்புக்கு வந்தாள். அவளுக்குப் பள்ளி வேண்டும், பிரம்பு வேண்டாம். வேறுபாடு இதுதான்.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் நம் தோழர்கள் பலருக்குத் தெரிந்ததே. கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய 'முதல் ஆசிரியர்' சோவியத் நாட்டிலிருந்து தமிழிலே அச்சாகி, மலிவு விலையிலே நம் ஊர்களுக்கு வந்தது. தூய்ஷேன் என்ற இளைஞன், தானே எழுத்துக் கூட்டிப் படிப்பவன், பழைய குதிரை லாயத்தைப் பெருக்கிப் பள்ளியாக்குகிறான். குளிர்ந்த ஓடையிலே பிள்ளைகளை முதுகில் சுமந்து அக்கரை சேர்க்கிறான். அவனிடம் படித்த ஏழைப் பெண் அல்தினாய் பெரும் அறிஞராகிறாள். பின்னாளில் ஊரார் புதுப் பள்ளியின் திறப்பு விழாவிலே கூடியிருக்க, அந்த முதல் ஆசிரியர் தபால்காரராகத் தந்தி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்! அந்த நன்றிகேட்டை எண்ணி நாணுகிறது கதை. லாயத்துப் பள்ளியிலே கட்டடமில்லை, கருவியில்லை. ஆனால் எந்தப் பிள்ளையையும், "உனக்கு ஏறாது" என்று சொன்னவர் அங்கே இல்லை.

தோழர்களே! கசப்பு என்பது ஒன்று; அந்தக் கசப்பை எவன் எதற்குப் பயன்படுத்துகிறான் என்பது வேறொன்று. ஏழை தன் சோற்றிலே கல் கிடக்கிறது என்று முகம் சுளித்தால், கல்லைப் பொறுக்கி எறிவதா, சோற்றுப் பானையையே தூக்கிக்கொண்டு போவதா?

பானையைத் தூக்கிய வரலாறு நமக்கு உண்டு. 1953-இல் ஆச்சாரியார் முதலமைச்சராக இருந்தபோது, நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளிலே நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே படிப்பு என்றார். மீதிப் பொழுதில் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். பள்ளிகள் போதவில்லை, பிள்ளைகள் உழைப்பை மறந்துவிடக் கூடாது என்று காரணமும் சொன்னார். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால், வலை பின்னுபவன் மகன் வலை. சவரத் தொழிலாளி மகன் கத்தி. அதிகாரி மகன் மட்டும் எழுதுகோல் என்றல்லவா அது முடியும்! பெரியார் 'குலக்கல்வி' என்று அதற்குப் பெயர் சூட்டி எதிர்த்தார். அண்ணாவும் கழகமும் களத்தில் இறங்கினர். 1954-இல் ஆச்சாரியார் விலகினார்; காமராசர் ஆட்சியிலே அவ்வாண்டே திட்டம் கைவிடப்பட்டது.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்திலே 18 தொழில்கள் இடம்பெற்றன. படகு கட்டுதலும் மீன் வலை பின்னுதலும் அவற்றுள் உண்டு. சேரும் வயது 18. அது கல்லூரி வாசலை மிதிக்கும் வயதல்லவா? குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்பதை நீக்குங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு கேட்டது, கேட்டபடி மாற்றவில்லை. இந்த வடிவில் அத்திட்டத்தைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எழுதினார். கைத்தொழில் செய்வோருக்குக் கடன் கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. தொழிலைத் தொட்டிலிலேயே தீர்மானிப்பதை எதிர்க்கிறோம்.

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள்ளே டச்சுக்காரரின் கல்லறைகள் இருக்கின்றன. சித்திர வேலைப்பாட்டோடு பெயரும் ஆண்டும் கல்லிலே வெட்டியிருக்கிறார்கள். அவர்கள் எதற்காக வந்தார்கள்? இந்தப் பகுதியில் நெய்த துணிக்காக வந்தார்கள். துணி நெய்தவன் பெயர் எந்தக் கல்லிலே இருக்கிறது? நெய்தவன் நம்மவன், கணக்கு எழுதியவன் அந்நியன். எழுதுகோல் எவன் கையிலோ, விலை சொல்வதும் அவனே. இன்றும், விடியற்காலையிலே கரைக்கு வரும் மீனுக்கு விலை சொல்வது, மீனைப் பிடித்தவரா, குறிப்பேடு வைத்திருப்பவரா?

வலை தைத்த தோழருக்கு நம் பதில் இதுதான்: அண்ணே, உங்கள் மகனுக்குக் கசந்தது படிப்பல்ல, அவமானம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிலே முக்கால் பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. அந்த நாற்காலி உங்களுடையது. பையனின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம். கிளைத் தோழர்கள் நாலு பேர் கூட வருவார்கள். அந்த ஆசிரியரிடம் நிதானமாக, ஆனால் நிமிர்ந்து பேசுங்கள்.

கிளைத் தோழர்களுக்கும் ஒரு சொல். பூட்டிக் கிடக்கும் படிப்பகத்தைத் திறந்து கூட்டுங்கள். வாரம் ஒரு மாலை, 'ஆயிஷா'வை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். பிள்ளைகளும் தகப்பன்மாரும் கேட்கட்டும். படித்தபின் கடலுக்குப் போவதா, கல்பாக்கத்துக்குப் போவதா, வேறெங்கு போவதா என்பதை அந்தப் பையன் தானே முடிவு செய்வான். அதை முடிவு செய்யும் உரிமைக்காகத்தான் பள்ளிக்கூடம்!